விளக்கு வைக்கும் நேரத்தில் கூடாரத்தைப் படம் எடுப்பது எப்படி?

கேள்வி சுருக்கமாக இது: குடும்பத்தோடு கூடாரம் போட்டுத் தங்கப் போகிறோம். உள்ளே விளக்கெரியும் கூடாரம், பின்னால் நீல வானம், முன்னால் பிள்ளைகள், இப்படி ஒரு படம் வேண்டும். போன முறை எடுத்ததில் ஒன்று கூடாரம் வெறும் வெள்ளைத் திட்டாக இருக்கிறது, இல்லையென்றால் வானம் கரியாக இருக்கிறது. பிள்ளைகள் எல்லாப் படத்திலும் கலங்கித் தெரிகிறார்கள். சாதாரணக் கேமரா ஒன்றும் போனும்தான் கையில் இருக்கின்றன. இதை வைத்து முடியுமா?

தாராளமாக முடியும். நீங்கள் சொன்ன இரண்டு கோளாறுகளும் கேமராவால் வந்தவை அல்ல, நேரத்தால் வந்தவை. நீங்கள் படம் எடுக்கத் தொடங்கியபோது நேரம் கடந்திருக்கிறது.

கூடாரத்துக்குள் வைத்த விளக்கின் வெளிச்சம் மாறுவதில்லை. வானத்தின் வெளிச்சம்தான் இறங்கிக்கொண்டே வருகிறது. மேகமில்லாத நாளில் சூரியன் மறையும் தருணத்தில் திறந்த வெளியில் சுமார் 400 லக்ஸ் (ஓரிடத்தில் விழும் வெளிச்சத்தின் அளவு) வெளிச்சம் இருக்கும். சூரியன் அடிவானத்துக்குக் கீழே 6 பாகை இறங்கும்போது அது 3 லக்ஸ் சொச்சமாகிவிடும். நூறு மடங்குக்கு மேல் குறைவு. நிலநடுக்கோட்டை ஒட்டிய இடங்களில் இவ்வளவும் 22, 24 நிமிடங்களில் முடிந்துவிடுகிறது. கணக்குப் போட்டால் ஏறக்குறைய மூன்றரை நிமிடத்துக்கு ஒருமுறை வெளிச்சம் பாதியாகிறது. வடக்கிலோ தெற்கிலோ தள்ளிப் போகப் போக இது நீளும். 60 பாகை அட்சரேகைக்கு மேலே, கோடையின் நடுவில், இந்த மங்கல் இரவு முழுக்க முடியாமலே கூட இருக்கும். வானிலைச் செயலிகளில் ‘சிவில் ட்விலைட்’ என்று போட்டிருப்பது இந்த 6 பாகை வரையிலான நேரத்தைத்தான். கிளம்புவதற்கு முன் நீங்கள் போகும் இடத்துக்கும் நாளுக்கும் அது எத்தனை மணிக்கு முடிகிறது என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

அந்த நேரத்தின் முதல் பாதியில் வானம் ஓங்கி நிற்கும். உள்ளே விளக்கு எரிவதே தெரியாது. அந்த நேரம் முழுவதும் முடிந்தபின் விளக்கு ஓங்கிவிடும். கூடாரத்துக்குச் சரியாக எடுத்தால் வானம் கறுக்கும், வானத்துக்குச் சரியாக எடுத்தால் கூடாரம் வெளுத்துப் போகும். நடுவில் இரண்டும் சமமாக நிற்கிற எட்டு பத்து நிமிடம் இருக்கிறது. உங்கள் படம் அங்கேதான் இருக்கிறது. சூரியன் மறைந்து 12 நிமிடத்திலிருந்து 22 நிமிடம் வரை என்று ஆரம்பக் கணக்காக வைத்துக்கொள்ளலாம். மங்கல் நீளமாக இருக்கும் ஊர்களில் அதற்கேற்பத் தள்ளிப் போட்டுக்கொள்ளுங்கள்.

இதில் பெரும்பாலானவர்கள் ஏமாறுவதற்குக் காரணம் நம் கண். கண் இருட்டுக்குப் பழகிக்கொண்டே வருவதால் ‘இன்னும் வெளிச்சமாகத்தானே இருக்கிறது, கொஞ்சம் இருட்டட்டும்’ என்றே தோன்றும். கூடாரம் அழகாக ஒளிர்கிறது என்று கண்ணுக்குப் படும்போது கேமராவுக்கு நேரம் முடிந்திருக்கும். ஒரு சோதனை சொல்கிறேன்: கண்ணைப் பாதி மூடி, இமைகளின் இடுக்கு வழியாகப் பாருங்கள். கூடாரத்தின் துணியும் அதன் பின்னால் உள்ள வானமும் ஒரே மாதிரி மங்கித் தெரிந்தால் எடுக்க வேண்டிய நேரம் அதுதான். கூடாரம் மட்டும் தனியாகத் துருத்திக்கொண்டு தெரிந்தால், உடனே போய் விளக்கைக் குறைக்க வேண்டும்.

விளக்குப் பக்கம் வருவோம். வேலையில் முக்கால் பங்கு இங்கே இருக்கிறது.

நான் முதன்முதலில் எடுத்தபோது, இருப்பதிலேயே பெரிய விளக்கைக் கூடாரத்தின் உச்சிக் கொக்கியில் மாட்டினேன். படத்தில் உச்சி மட்டும் எரிந்து வெளுத்து, கீழ்ப்பாதி அழுக்கு நிறத்தில் வந்தது. உள்ளே உட்கார்ந்திருந்த என் மகள் துணிக்குப் பின்னால் உருவமே இல்லாமல் கரைந்து போயிருந்தாள். அன்றைக்குக் கற்றுக்கொண்டதை இன்றுவரை மாற்றவில்லை: விளக்கு தரையில் இருக்க வேண்டும், நேரடியாகத் துணியில் அடிக்கக் கூடாது, ஒரு பெரிய விளக்கைவிட இரண்டு சின்ன விளக்குகள் மேல்.

நான் செய்வது இதுதான். மின்கலத்தில் எரியும் சின்ன லாந்தர் ஒன்றைக் கூடாரத்தின் நடுவே, படுக்கைப் பையின் பின்னால், கேமராவுக்கு நேராகத் தெரியாதபடி தரையில் வைப்பேன். அதன்மேல் பிள்ளைகளின் வெள்ளைப் பருத்திச் சட்டை ஒன்றைத் தளர்வாகப் போர்த்துவேன். சட்டையின் ஒரு கையை மடித்து அடியில் செருகினால் காற்றுக்கு நழுவாது. அந்த ஒரு சட்டை போதும், ஊசி மாதிரிக் குத்துகிற எல்இடி பரவிய ஒளியாக மாறிவிடும். இரண்டாவது விளக்கு பின் மூலையில், சுவரைப் பார்த்தபடி. இதனால் பின்பக்கமும் இருண்டு போகாமல் கூடாரத்துக்கு ஒரு கன அளவு கிடைக்கும். இரண்டு மூன்று பேர் படுக்கும் கூடாரத்துக்கு எல்லாம் சேர்த்து 100 லூமன் (விளக்கு தரும் மொத்த ஒளியின் அளவு) போதும், நின்று நடமாடக்கூடிய பெரிய கூடாரத்துக்கு 200. தலையில் மாட்டும் விளக்குகள் முழு வெளிச்சத்தில் இதைவிட அதிகம் தருகின்றன. அதை மட்டும்தான் கொண்டுபோகிறீர்கள் என்றால், குறைந்த நிலையில் வைத்து, தண்ணீர் நிறைந்த ஒளிபுகும் பாட்டிலைப் பார்க்கக் கட்டுங்கள். ஒளி பாட்டில் முழுக்கப் பரவி லாந்தர் மாதிரியே ஆகிவிடும்.

துணியின் நிறமும் பேசும். மஞ்சள், ஆரஞ்சு, வெளிர் சிவப்புக் கூடாரங்கள் நன்றாக ஒளிர்கின்றன. பச்சைக் கூடாரம் அழகாக இருந்தாலும் உள்ளே இருப்பவர்களின் முகத்தை நோய் பிடித்தாற்போல் காட்டும். அதற்கு மேல்விரிப்பின் கதவைத் திறந்து, முகம் திறப்பில் தெரிகிற மாதிரி உட்கார வையுங்கள். காலை வெயில் உள்ளே வராமல் இருக்க இருட்டுப் பூச்சுக் கொடுத்த கூடாரங்கள் ஒளிரவே ஒளிராது. அவற்றைத் திறந்த கதவோடு எடுப்பதுதான் வழி.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். படம் நன்றாக வரும் என்று மெழுகுவர்த்தியையோ எரிவாயு விளக்கையோ கூடாரத்துக்குள் கொண்டுபோகாதீர்கள். துணி நொடிகளில் பற்றிக்கொள்ளும். பற்றாவிட்டாலும், மூடிய இடத்தில் எரியும் எதுவும் கார்பன் மோனாக்சைடை உண்டாக்கும். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. அணைந்தும் அணையாமலும் இருக்கிற கரிக்கும் இது பொருந்தும். இந்த விஷயத்தில் ‘ஒரே ஒரு நிமிடம்’ என்ற பேச்சே வேண்டாம்.

உள்ளே இருப்பவர்களின் நிழல் துணியில் விழுவது பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்த விளையாட்டு. அது தெளிவாக வர வேண்டுமென்றால் பிள்ளை, கேமராப் பக்கத்துச் சுவருக்கு ஒட்டினாற்போல் இருக்க வேண்டும். விளக்கு அவர்களுக்குப் பின்னால், எட்டத்தில் இருக்க வேண்டும். பிள்ளை விளக்குப் பக்கம் நகர நகர நிழல் பெரிதாகிக் கலங்கும். இந்த ஒரு படத்துக்கு மட்டும் போர்த்திய சட்டையை எடுத்துவிடுங்கள். விளக்கு சிறிய புள்ளியாக இருந்தால்தான் நிழலின் ஓரம் கத்தரித்த மாதிரி இருக்கும். முன்பக்கம் பார்த்து உட்கார்ந்தால் தலை வெறும் உருண்டையாகத் தெரியும். பக்கவாட்டில் திரும்பச் சொன்னால் மூக்கும் உதடும் தெரிந்து, யார் என்று அடையாளம் கண்டுகொள்ளலாம்.

அடுத்து, எந்தத் திசையைப் பார்த்து எடுப்பது. மேற்கே பார்த்தால் கீழே ஆரஞ்சும் மேலே நீலமும் கிடைக்கும், கூடாரமும் மரங்களும் தெளிவான வடிவமாக நிற்கும். கிழக்கே யாரும் அதிகம் பார்ப்பதில்லை, ஆனால் எனக்குப் பிடித்த திசை அதுதான். சூரியன் மறைந்த சில நிமிடங்களில் கிழக்கு அடிவானத்தில் சாம்பல் கலந்த நீலப்பட்டை ஒன்று எழும்பும். அது பூமியின் நிழல். அதன் தலைமேல் ரோஜா நிறத்தில் இன்னொரு பட்டை இருக்கும், அதை வெள்ளியின் கச்சை என்பார்கள். பத்துப் பதினைந்து நிமிடத்தில் இரண்டும் கரைந்துவிடும். கிழக்கு மேற்கைவிடச் சீக்கிரம் இருட்டும் என்பதால், அந்தப் பக்கம் பார்த்து எடுப்பதானால் கொஞ்சம் முன்னதாகவே தொடங்குங்கள். பௌர்ணமிக்கு முந்தின நாள் அமைந்தால் இன்னும் நல்லது. அன்றைக்குச் சூரியன் மறைவதற்கு முக்கால் மணி நேரம் முன்பாகவே நிலா எழுந்திருக்கும். வானத்தில் வெளிச்சம் இருக்கும்போதே நிலா அடிவானத்துக்கு மேலே நிற்பதால், அது வெள்ளை ஓட்டையாக வெளுத்துப் போவதில்லை.

இதற்காகக் கூடாரத்தைத் தவறான இடத்தில் அடிக்கச் சொல்லவில்லை. மேடு, காற்று, காய்ந்த கிளை எதுவும் மேலே இல்லாத இடம், இவைதான் முதலில். கூடாரம் எங்கே இருக்கிறதோ இருக்கட்டும், நீங்கள் சுற்றி நடந்து பாருங்கள். மாலையில் வெயில் இருக்கும்போதே ஒரு சுற்றுச் சுற்றி, முழங்கால் உயரத்திலிருந்தும் நெஞ்சு உயரத்திலிருந்தும் போனில் படமெடுத்துப் பாருங்கள். கேமராவைத் தாழ்த்தினால் கூடாரத்தின் உச்சி மரக்கூட்டத்தைத் தாண்டி வானத்தில் நிற்கும். அந்த உச்சி வானத்தில் தனியாகத் தெரிவது படத்துக்குப் பெரிய பலம். தண்ணீர்ப் பை, செருப்பு, காயப்போட்ட துண்டு என்று கண்ணில் படுவதையெல்லாம் ஒதுக்கிவிட்டு, இரண்டு செருப்பை மட்டும் வாசலில் விட்டுவைப்பது என் பழக்கம். சின்னச் செருப்பு ஒன்று வாசலில் கிடந்தால் உள்ளே ஒரு குழந்தை இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

நிறம் பற்றி ஒரு வார்த்தை. சூரியன் மறைந்தபின் தலைக்கு மேலே வானம் இவ்வளவு நீலமாக இருப்பதற்குக் காரணம் பகல் நீலத்தின் காரணம் மட்டுமல்ல. சாய்ந்து வரும் ஒளி நெடுந்தூரம் காற்றுமண்டலத்தில் பயணப்படும்போது, மேலே இருக்கும் ஓசோன் அதிலிருந்து ஆரஞ்சையும் மஞ்சளையும் உறிஞ்சிக்கொள்கிறது. எட்வர்ட் ஹல்பர்ட் என்ற அமெரிக்க இயற்பியலாளர் 1953ல் இதைக் கணக்கிட்டுக் காட்டினார். ஓசோன் மட்டும் இல்லையென்றால் அந்த நேரத்து வானம் வெளிறிப் போயிருக்கும். இவ்வளவு அருமையான நிறத்தைக் கேமராவின் தானியங்கி வைட் பேலன்ஸ், அதாவது வெள்ளை வெள்ளையாகத் தெரியும்படி நிறங்களைச் சரிசெய்யும் வசதி, திருத்திவிடப் பார்க்கும். அதை அணைத்துவிட்டு 4000 முதல் 4500 கெல்வினுக்குள் நிறுத்துங்கள் (கெல்வின் என்பது ஒளியின் நிறத்தைச் சொல்லும் அளவு, எண் குறைந்தால் மஞ்சள், கூடினால் நீலம்). மஞ்சள் எல்இடி 2700, 3000 கெல்வின் என்பதால் இதமான மஞ்சளாகவே நிற்கும், 10,000க்கு மேல் போகும் வானம் நீலமாகவே நிற்கும். கெல்வின் எண் போடும் வசதி இல்லாத கேமராவில் ‘பகல் வெளிச்சம்’ என்ற நிலை போதும். வெள்ளை வெளேரென்ற எல்இடி விளக்கை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அதன் நிறம் வானத்தின் நிறத்தோடு போய்ச் சேர்ந்துகொள்வதால் மஞ்சளும் நீலமும் எதிரெதிராக நிற்கிற அழகு போய்விடும்.

கேமரா அமைப்புகள். ஆள் இல்லாத படத்துக்கு எஃப் 4 (லென்ஸின் திறப்பு, எண் குறையக் குறையத் திறப்பு பெரிது), ஐஎஸ்ஓ 400 (ஒளியை உணரும் திறன்), ஷட்டர் திறந்திருக்கும் நேரம் அரை நொடியிலிருந்து ஒரு நொடி. அங்கே தொடங்கி, வானம் இறங்க இறங்க ஷட்டரை நீட்டிக்கொண்டே போங்கள். ட்ரைபாட் இல்லாவிட்டால் கல்லின் மேலோ காரின் முன்மூடியிலோ துணிப்பையை மடித்துப் போட்டு அதன்மேல் கேமராவை வைக்கலாம். 2 நொடி டைமர் போட்டால் விரல் பட்ட அதிர்வு படத்தில் வராது. ஃபோகஸ் தானாகப் பிடிக்கத் தடுமாறும். ஒளிரும் துணியும் இருண்ட கம்பமும் சந்திக்கிற ஓரத்தில் பிடித்துவிட்டு, பிறகு மேனுவலுக்கு மாற்றி அப்படியே விட்டுவிடுங்கள். ரா வடிவத்தில், அதாவது கேமரா தானாகத் திருத்தாத மூலப் படமாக, எடுத்தால் பின்னால் திருத்தக் கை கொடுக்கும். இன்னொன்று, திரையின் வெளிச்சத்தைக் குறைத்துவிடுங்கள். இருட்டில் பளிச்சென்று எரியும் திரையில் மங்கலான படம்கூட நன்றாக இருப்பதுபோல் தோன்றும், வீட்டுக்குப் போய்ப் பார்த்தால்தான் தெரியும். ஹிஸ்டோகிராமை, அதாவது படத்தின் இருட்டை இடதுபக்கமும் வெளிச்சத்தை வலதுபக்கமும் காட்டும் வரைபடத்தை, நம்புங்கள். அதன் வலது ஓரம் சுவரில் முட்டி நிற்கவில்லை என்றால் கூடாரம் தப்பித்தது.

போனில் எடுப்பதும் குறைந்ததல்ல. 2018, 2019 வாக்கில் வந்த இரவு நிலைகள் பல படங்களை அடுக்கிச் சேர்ப்பதால் கையில் பிடித்தே நல்ல படம் கிடைக்கிறது. ஆனால் அவை இருட்டைப் பகலாக்கப் பார்க்கும். மங்கல் நேரத்தின் உயிரே அதில் போய்விடும். ஒளிரும் துணியின் மேல் விரலால் தொட்டு, வெளிச்சத்தைக் கீழே இழுங்கள். இது கொஞ்சம் அதிகமாகவே இருட்டோ என்று தோன்றும் அளவுக்கு இழுக்கலாம். போனை எதிலாவது சாய்த்து அசையாமல் வைத்தால் அதுவே நீண்ட நேரம் எடுத்துக்கொள்ளும், படமும் சுத்தமாக வரும்.

இப்போது பிள்ளைகள். ஒரு நொடி அசையாமல் இரு என்று நான்கு வயதுக் குழந்தையிடம் கேட்பதில் நியாயமில்லை. நீங்கள்தான் ஷட்டரைச் சுருக்க வேண்டும். எஃப் 2.8, ஐஎஸ்ஓ 1600 வைத்தால் மேலே சொன்ன அரை நொடி 1/15 நொடியாகிவிடும். அமைதியாக உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு 1/15 போதும். புள்ளிப்புள்ளியாகக் கொஞ்சம் தெரிந்தால் தெரியட்டும். கலங்கிய முகத்துக்குப் புள்ளி எவ்வளவோ மேல். உங்கள் லென்ஸ் எஃப் 3.5ஐவிடப் பெரிதாகத் திறக்காது என்றால், ஐஎஸ்ஓவை 3200க்கு ஏற்றிக்கொள்ளுங்கள். தொடர்ச்சியாக ஆறேழு படம் எடுத்தால் ஒன்றிலாவது எல்லோரும் அசையாமல் இருப்பார்கள்.

அதைவிட நல்ல வழி, அவர்களுக்கு அசையாமல் இருக்க ஒரு காரணம் கொடுப்பது. ‘கேமராவைப் பார்’ என்றால் முகம் விறைத்துவிடும். டார்ச் வெளிச்சத்தில் படப் புத்தகம் ஒன்றைக் கையில் கொடுங்கள். இல்லையென்றால் முதல் நட்சத்திரத்தை யார் கண்டுபிடிப்பது என்று சொல்லுங்கள். மேலே அண்ணாந்து தேடுகிற குழந்தை தன்னை மறந்து உறைந்து நிற்கும். இரண்டு மூன்று நொடி கிடைக்கும், அது தாராளம். படத்தில் வெள்ளைப் புத்தகம் இருந்தால் அதில் பட்டுத் திரும்பும் ஒளியே முகத்துக்குப் போதும். ஃபிளாஷ் வேண்டாம். நேராக அடித்தால் கூடாரத்தின் ஒளியை ஒரே நொடியில் கொன்றுவிடும்.

தீ மூட்ட அனுமதி உள்ள இடமானால், தீயைப் படத்தின் நடுவில் வைக்காதீர்கள். தீக்கொழுந்து முகத்தைவிடப் பல மடங்கு பிரகாசம். முகம் தெரியும் அளவுக்கு எடுத்தால் கொழுந்து வெள்ளையாகிவிடும். ஒரு கல்லோ, உட்கார்ந்திருக்கும் பெரியவரின் முதுகோ தீயை மறைத்து, அதன் ஒளி மட்டும் எதிரே இருக்கும் முகங்களில் விழும்படி நில்லுங்கள். கொழுந்து அடங்கித் தணலாகும் நேரம் இன்னும் வசதி. கொழுந்தின் வடிவமே வேண்டுமென்றால் அதைத் தனிப் படமாக 1/125 நொடியில் எடுத்துக்கொள்ளுங்கள்.

நடைமுறை விஷயம் இரண்டு. கூடாரக் கயிறுகள் மங்கலில் தெரியாது. படத்துக்காக ஓடியாடும் பிள்ளைகள் தடுக்கி விழுவது அதில்தான். கயிறுகளில் வெள்ளைத் துணித் துண்டு கட்டிவிடுங்கள். அப்புறம், பொழுது சாய்ந்ததும் பனி இறங்கி லென்ஸ் மூடிக்கொள்ளும். கதகதப்பான கைப்பையில் இருந்த மென்மையான பருத்தித் துணி ஒன்றைச் சட்டைப் பையில் வைத்திருந்தால், ஒவ்வொரு ஐந்து நிமிடத்துக்கும் ஒருமுறை துடைக்கலாம்.

விளக்குகளை வைப்பது, இடம் பார்ப்பது, ஃபோகஸ் பிடிப்பது எல்லாவற்றையும் சூரியன் மறைவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். அப்போதுதான் அந்தப் பத்து நிமிடத்தில் உங்கள் கண் பிள்ளைகள் மேல் இருக்கும், பொத்தான்கள் மேல் இருக்காது. 25வது நிமிடத்தில் நான் கேமராவைப் பையில் போட்டுவிடுவேன். வானம் கறுத்தபின் எடுக்கும் படம் எப்படியும் வரப்போவதில்லை. குடும்பத்தோடு உட்கார வேண்டிய நேரம் அது.

மாலையில் மேகம் கவிந்து தவறிப்போனால் கவலை வேண்டாம், விடியலில் இதே காட்சி தலைகீழாகத் திரும்பி வரும். சூரியன் உதிப்பதற்கு 30 நிமிடம் முன்னதாக வெளியே வந்து நில்லுங்கள். இப்போது வானம் ஏறிக்கொண்டே வருவதால் முதலில் நீண்ட ஷட்டர், பிறகு போகப் போகக் குறுகியது. காற்று அநேகமாக அடங்கியிருக்கும், துணியும் அசையாது. விளக்கை மட்டும் இரவே உள்ளே, பிள்ளைகளின் கால்மாட்டில், சட்டை போர்த்தித் தயாராக வைத்துவிடுங்கள். வெளியே வரும்போது அதை மெல்ல ஏற்றிவிட்டு வந்தால், யாரையும் எழுப்பாமலே எடுத்துவிடலாம்.